ஒற்றை விசில்

பேருந்து திருப்பத்தைத் தாண்டியிருக்காது, அதற்குள் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கண்டக்டர் அக்காவின் விசில் அப்படி. உள்ளே உருளும் குண்டு ஒரு பக்கம் தேய்ந்துபோனதால் அது கீச்சிடாது. சளி பிடித்த சேவல் மாதிரி கரகரக்கும். "இதைக் கேட்டுக் கேட்டு என் இன்ஜினுக்கே இருமல் வந்துடுச்சு தங்கச்சி" என்பார் டிரைவர் அண்ணன். அக்கா மாற்றவில்லை. கணவர் இறந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தபோது டிப்போவில் கொடுத்த விசில் அது. ஒரு முறை ஊதினால் வண்டி நிற்க வேண்டும், இரு முறை ஊதினால் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையே இந்த இரண்டு சத்தங்களுக்குள் அடங்கிவிட்டது.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். தெருவைத் தாண்டும்போது ஊதினால் குழந்தை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வேறு வண்டியின் விசிலுக்குத் தலையைக்கூடத் தூக்காது.

கராத்தேயில் சேர்த்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வகுப்பு நடந்த கூடம் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. வேலை முடியும்வரை பெண் பத்திரமாக இருப்பாள். ஆனால் அவள் அதில் ஊறிப்போனாள். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் கையை உயர்த்தக் கூடாது. விழுந்தவரைத் தூக்கிவிட்டு, வணங்கி, எதிராளியின் மூலைக்கே போய் அங்கிருக்கும் பயிற்சியாளரையும் வணங்கிவிட்டுத்தான் களத்தை விட்டு இறங்க வேண்டும். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஜெயிச்சவ நீ. தோத்தவ முன்னாடி எதுக்குடி குனியறே?"

"அவ வரலேன்னா நான் யார்கூட ஆடியிருப்பேன்? செவுத்தோடயா?"

இந்தப் பதிலை அக்கா ஒரு வாரம் பேருந்தில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மகள் காட்டாத கொண்டாட்டத்தைத் தானே காட்டிவிடுவது என்று முடிவு செய்து, போட்டிகளுக்கு விசிலோடு போகத் தொடங்கினார். முடிவு அறிவித்ததும் மேலே இருக்கைகளிலிருந்து இரண்டு விசில் கேட்கும். மகள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நடுவரும் ஒற்றை விசில் ஊதித்தான் ஆட்டத்தை நிறுத்துவார் என்பதால், ஆட்டம் முடியும்வரை ஊதக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுக்கு மகள் வந்தாள். ஜெயிக்கும் பெண்ணுக்கு விளையாட்டுப் பள்ளியில் இடம், தங்கிப் படிக்க விடுதி. அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து இருக்கையில் வெல்டர் ஒருவர், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பேசுபவர். எதிராளிப் பெண்ணின் அப்பா என்று பேச்சுக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது. வரும் வழியெல்லாம் தன் மகள் பயத்தில் அழுததைச் சொன்னார். ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினார். யார் ஜெயித்தாலும் மற்றவர் டீ வாங்கித் தருவது என்று பேசிக்கொண்டார்கள்.

முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. வெல்டரின் பெண் இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். வெல்டர் இருக்கையை விட்டு எழுந்து, முன்வரிசைக் கம்பிக்கருகே போய் நின்றிருந்தார். அப்போது மகளின் குத்து நெஞ்சுக் கவசத்தில் சரியாக விழுந்தது. கொடி உயர்ந்தது, கூட்டம் கத்தியது. இப்போது ஒரே புள்ளிதான் வித்தியாசம். அக்காவுக்கு விசில் எப்போது வாய்க்குப் போனது என்றே தெரியவில்லை. ஒரே ஒரு முறை ஊதினார்.

வெல்டரின் பெண் நின்றுவிட்டாள். ஆட்டம் முடிந்தது, ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தாள். கைகளை இறக்கி, கால்களைச் சேர்த்து, வணங்குவதற்காகக் குனிந்தாள். உலகத்தில் உள்ள எல்லா விசிலிலும் அந்த ஒன்றைப் பிரித்தறியத் தெரிந்தவள் எதிரில் இருந்த மகள்தான். அது அம்மா, நடுவர் இல்லை. அவள் நிற்கவில்லை. ஏற்கெனவே எழும்பிய கால் குனிந்த தலையில் பட்டது. விழுந்த பெண்ணின் மணிக்கட்டு தன் உடம்புக்கு அடியிலேயே மடங்கியது.

வெல்டர் படிகளில் ஓடினார். நடுவர் தான் ஊதவில்லை என்றார்; பக்கத்துக் களத்தின் நடுவரும் இல்லை என்று தலையசைத்தார். மைக்கில் கேட்டார்கள்: பார்வையாளர்களில் யாராவது விசில் ஊதியிருந்தால் சொல்லுங்கள், அந்த உதை செல்லாது. மகள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். தேடவில்லை, நேராக அம்மாவைப் பார்த்தாள். அக்கா விசிலை உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தார். கூடம் முழுக்கச் சலசலப்பு. யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உதைக்கு மூன்று புள்ளி கொடுத்து, மகள் ஜெயித்ததாக அறிவித்தார்கள்.

இருக்கையில் வெல்டரின் பை கிடந்தது. அக்கா அதைக் கீழே எடுத்துப் போய், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அவர் கைகூப்பினார்.

பதக்கம் கொடுக்கும்போது இரண்டாம் படி காலியாக இருந்தது. மகள் அந்தக் காலிப் படியை வணங்கிவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து கராத்தே சீருடையைத் துவைத்துக் காயப்போட்டாள். பிறகு கொடிக்கம்பியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அது நீதான்னு தெரிஞ்சதாலதான் நான் நிக்கல."

"உனக்காகத்தான்டி நானும் வாயைத் திறக்கல."

"நான் சொன்னா உன்னைக் காட்டிக் கொடுத்ததா ஆயிடும். நீயா எந்திரிப்பேன்னு பார்த்துக்கிட்டே நின்னேம்மா."

விளையாட்டுப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அவள் போகவில்லை. கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கூடத்துக்கும் போகவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை என்று அக்கா காத்திருந்தார். கேட்டதற்குப் பதில் சொல்வாள், வைத்ததைச் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் அக்கா கண்டக்டர் சீருடையோடே போட்டி நடத்தியவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னார். முடிவு அறிவித்து நாளாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். அங்கிருந்து வெல்டரின் பட்டறையை விசாரித்துக்கொண்டு போனார். அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு முழுவதையும் கேட்டார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். தன் மகளின் கை சேர்ந்துவிட்டது, ஆனால் பூட்டைத் திறக்கிற அளவுக்குத் திரும்பவில்லை என்றார். பிறகு கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பையைக்கூடப் பத்திரமா கொண்டாந்து குடுத்தீங்களேம்மா" என்றார் கடைசியில்.

வீட்டில் அக்கா இதைச் சொன்னபோது மகள் கேட்டுக்கொண்டாள். "சரிம்மா" என்றாள்.

இப்போது பள்ளிக்குப் போகும் நேரத்தில் அவள் நிறுத்தத்தில் நிற்கிறாள். அம்மாவின் வண்டி வரும்; கூட வந்த பிள்ளைகள் ஏறுவார்கள். அவள் அடுத்த வண்டிக்கு நிற்பாள். டிரைவர் அண்ணன் வேண்டுமென்றே கியர் போடாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் ஹார்ன் சத்தம் கூடும்.

"நாளைக்கு ஏறுவா தங்கச்சி. ஊது."

அக்கா படியில் நின்று கம்பியைப் பிடித்தபடி இரண்டு முறை ஊதுவார். தேய்ந்த குண்டு கரகரக்கும். நிறுத்தத்தில் நிற்பவள் தலையைக்கூடத் தூக்கமாட்டாள்.