தோற்றவர் எழும்பும்வரை

செய்தி வந்தபோது என் பஸ் தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில், கடைசித் தரிப்பில் நின்றது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சாரதி ஆசனத்தை விட்டு இறங்கித் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. ஊரில் சண்டை நடந்த இந்த 2009இல் எங்கள் வீடுகளில் ஒரு தவறிய அழைப்புக்கே நெஞ்சு இடிக்கும். ஊரில் ஆருக்கு என்ன என்றுதான் முதலில் ஓடும். ஏழும் வதனியிடமிருந்து வந்தவை என்று கண்டதும், ஊர்ச் செய்தி இல்லை என்று ஒரு கணம் ஆறுதல்பட்டேன். அந்த ஆறுதலுக்காக என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும். திருப்பி எடுத்தேன். "குணம் அண்ணை, மெசினைக் கழட்டிப்போட்டினம்," என்றாள். மூன்று நாளாக மூச்சு மெசினில் கிடந்த அவளுடைய கணவர் பரமலிங்கம், எங்கள் பரமு, போய்விட்டார். அடுத்த ஓட்டத்தை எப்படி ஓட்டி முடித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பரமுவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சாகும் இந்த நினைவுப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு, பரமு என்றால் கோலியர்ஸ் வுட்டில் லைட் எரியாத வீட்டுக்கு மழையிலும் வந்து நிற்கிற எலக்ட்ரீஷியன். சனிக்கிழமை காலைகளில் அவர் எங்கே போனார் என்பது உங்களுக்குச் சரியாகத் தெரியாது. "கராட்டி பழகப் போறவர்" என்று பகிடி பண்ணுவீர்கள். அது கராட்டி இல்லை. என்னவென்று சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை. ஆனால் வதனி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். நான் செய்த சத்தியத்தை உடைக்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே உடைக்கிறேன்.

சுவிஸில் உணவகச் சமையலறையில் வேலை செய்த காலத்திலேயே பரமு ஒரு பழைய ஜப்பானிய வாள் பள்ளியில் சேர்ந்தவர். லண்டனுக்கு வந்தபின், ஜப்பானில் இருக்கும் ஆசானிடம் கேட்டு, ஸ்ட்ரெதமில் ஒரு தேவாலய மண்டபத்தில், எங்கள் பேச்சில் ஹோலில், பழகத் தொடங்கினார். நாங்கள் மூன்றே பேர்: பரமு, நான், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் மார்கரெட் என்ற வெள்ளைக்காரி. நான் பரமுவுக்கு இரண்டு வயது மூத்தவன். தெருவில் அவருக்கு நான் "அண்ணை". ஹோல் வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் எல்லாம் தலைகீழ். அங்கே முதலில் சேர்ந்தவரே மூத்தவர். நான்தான் குனிந்து வணங்க வேண்டும். "அண்ணைக்கு இடுப்பு நல்லா வளையுது" என்று கண்ணைச் சிமிட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பள்ளியில் கறுப்புப் பட்டி, மஞ்சள் பட்டி என்று ஒன்றும் கிடையாது. முதல் நிலை, நடு நிலை, உள் நிலை. அதற்கும் மேலே, பிறருக்குக் கற்பிக்கும் முழு உரிமை. ஒரு நிலையைத் தாண்டப் பத்து வருடமாவது பிடிக்கும். தாண்டியவருக்கு ஒரு காகிதச் சுருள் கொடுப்பார்கள். அதில் பள்ளியைத் தொடங்கிய ஆசானிலிருந்து இன்றைய ஆசான்வரை அத்தனை தலைமுறைப் பெயர்களும் வரிசையாக இருக்கும். கடைசியில் வாங்குகிறவரின் பெயர். பரமு நடு நிலைச் சுருள் வாங்கியவர். ஜப்பானிய எழுத்தில் பரமலிங்கம் "பாராமாரின்காமு" ஆகிப்போயிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணை, ஊரில என்ர பேர் எழுதின கடதாசி ஒண்டும் மிஞ்சேல்லை. பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சேட்டிபிக்கற், எல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு. என்ர பேருக்கு முன்னால பதினெட்டுப் பேர் வரிசையா நிக்கிறது இதில மட்டும்தான்."

அதன்பிறகு அந்தப் பெயரை வைத்து நான் பகிடி பண்ணியதில்லை.

சேரும்போது ஒரு சத்தியம் எழுத வேண்டும். மோதிர விரலில் ஊசியால் குத்தி, பெயருக்குக் கீழே இரத்தத்தை அழுத்த வேண்டும். ஹோலுக்குள் காண்பதையும் கற்பதையும் தாய் தகப்பனுக்கோ மனைவி பிள்ளைகளுக்கோ சொல்லேன். சொன்னால் தெய்வங்கள் தண்டிக்கட்டும், வரிசையிலிருந்து என் பெயர் வெட்டப்படட்டும். இரத்தம், சத்தியம், இரகசியம் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு ஊரில் இயக்கங்களுக்குச் செய்த சத்தியங்கள்தான் ஞாபகம் வரும். பரமு ஊசியை நெருப்பில் காட்டித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒருக்கா ஒரு சத்தியத்தை உடைச்சுப்போட்டுத்தான் நாட்டை விட்டு வந்தனான். இதை உடைக்க மாட்டன். உங்களையும் உடைக்க விடமாட்டன்." அப்போது அதைப் பகிடி என்று நினைத்தேன். இந்த நாட்களில் நித்திரையில் அந்தக் குரல் கேட்கிறது, அதில் பகிடி ஒன்றும் இல்லை.

இனிச் சொல்வதுதான் முக்கியம். மற்ற இடங்களில் வெல்கிறவர் பெரியவர். அந்தப் பள்ளியில் சோடியாகப் பழகும்போது மூத்தவர் எப்போதும் தோற்கிற பக்கம். அவர் வெட்ட வந்து, வெட்டுப்பட்டு விழுந்தால்தான் இளையவர் வெல்லப் பழகலாம் என்பது அவர்களுடைய முறை. பதினொரு வருடமாகப் பரமு என் மரவாளுக்கு முன்னால் செத்துச் செத்து எழும்பினார். நடு நிலையின் கடைசிப் பாடத்தில், தோற்றவர் முழங்காலிட்டு நெற்றி தரையில் முட்டக் குனிந்துவிடுவார். வென்றவர் அவருடைய பிடரிக்கு மேலே வாளைப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். தோற்றவர் தானாக எழும்பும்வரை வாளை எடுக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. பாடத்தை நிறுத்தும் உரிமை மூத்தவருக்கு மட்டும்தான். "தோத்தவன் விட்டாத்தான் வெண்டவன் போகலாம்" என்பது பரமு ஓயாமல் சொல்லும் வாசகம். என் அவசரப் புத்தியை அடக்குவதற்காகவே சில நாட்களில் இரண்டு நிமிடம்வரை எழும்பாமல் கிடப்பார்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அப்படிக் குனிந்து கிடந்தவரின் இடக்கை மெல்ல நெஞ்சுப் பக்கம் போனதைக் கண்டேன். வாளை எடுத்துவிட்டு, "என்ன பரமு, என்ன செய்யுது?" என்றேன். துள்ளி எழும்பினார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் கண்டதேயில்லை. "நான் எழும்ப முதல் ஏன் வாளை எடுத்தனீங்கள்? ஆர் உங்களை எடுக்கச் சொன்னது?" மார்கரெட்டுக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டாள். அதே பாடத்தை முப்பது தடவை செய்வித்தார். என் கை விறைத்துப்போயிற்று.

முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறையில் வாயைத் திறந்து, நாக்குக்குக் கீழே எதையோ பீச்சிக்கொண்டிருந்தார். என் மாமனார் கடைசிக் காலத்தில் வைத்திருந்த அதே சின்னக் குப்பி. எனக்கு விளங்கிவிட்டது.

"இருதயம் கொஞ்சம் சரியில்லை. இலையுதிர் காலத்தில ஆசான் வாறார், என்னை உள் நிலைக்குச் சோதிக்கப்போறார். தெரிஞ்சா விடமாட்டினம். அதுவரைக்கும் பொறுங்கோ. வதனிக்கும் சொல்லாதேங்கோ."

"உமக்கென்ன விசரே? பெண்சாதிக்குச் சொல்லாமல்?"

"ஹோலுக்குள்ள கண்டனீங்கள், அண்ணை. ஹோலுக்குள்ள கண்டது சத்தியத்துக்குள்ள வருது."

வேறு எந்த மனிதனும் அன்று பின்னேரமே வதனிக்கு ஒரு போன் போட்டிருப்பான். நான் போடவில்லை. ஒரு வருத்தக்காரனின் மருந்துக் குப்பியை வாள் வித்தையின் இரகசியமென்று நம்பிப் பூட்டி வைத்தேன். எங்களைப்போல் விரலைக் குத்தி இரத்தம் வைத்த மடையர்தான் அப்படி நம்புவார்கள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. நகரத்தில் ஊருக்காக ஊர்வலம். "எல்லாச் சனமும் ரோட்டில நிக்குது, நீங்கள் தடி சுத்தப் போறியளோ? போனா இனி வீட்டுக்கு வராதேங்கோ" என்று வதனி ஏசியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். ஹோலில் பரமு, நடு நிலையின் கடைசிப் பாடத்தைச் செய்வோம் என்றார். வெட்ட வந்தார், என் வெட்டை வாங்கினார், முழங்காலிட்டுக் குனிந்தார். நான் வாளைப் பிடரிக்கு மேலே பிடித்து நின்றேன்.

எதிர்ச் சுவரில் மணிக்கூடு இருந்தது. ஒரு நிமிடம் போயிற்று. சோதிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் போயிற்று. இன்றைக்கு நான் தோற்க மாட்டேன், அவரே எழும்பட்டும் என்று பல்லைக் கடித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. ஐயோ, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் செத்துக்கொண்டிருந்தபோது நான் என் பொறுமையை மெச்சிக்கொண்டு நின்றேன். மூன்றாவது நிமிடத்தில் மார்கரெட் சுவரோரத்திலிருந்து எழும்பி, "அவர் மூச்சு விடுகிறாரா?" என்று கேட்டாள். இளையவர் இடையில் பேசக் கூடாது. "இரு!" என்று அவளை அதட்டினேன். அவள் இருக்கவில்லை. ஓடிவந்து அவருடைய தோளைத் தொட்டாள். பரமு பக்கவாட்டில் சரிந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

அம்புலன்ஸில் வந்தவர், எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டார். "இப்பதான்" என்றேன். மார்கரெட் என்னைப் பார்த்தாள். அவளும் விரலைக் குத்தியவள்தான். வைத்தியசாலை வாசலில் வதனி கேட்டபோதும் அதையே சொன்னேன். ஒரு பொய்யைச் சொன்ன வாய்க்கு இரண்டாவது தடவை வலிப்பதில்லை.

செத்தவீட்டில் வந்தவர் போனவருக்கெல்லாம் வதனி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்: "என்ர வாயாலதான் போனவர்." துக்கத்தில் சொல்கிறாள் என்று நீங்கள் தேற்றினீர்கள். நானும் தேற்றினேன், வெட்கம் கெட்டவன். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து எல்லோரும் போனபின் என்னை இருக்கச் சொன்னாள்.

"அண்ணை, விழுந்த உடனே கண்டனீங்கள் எண்டு சொன்னனீங்கள். மூச்சு நிண்டு கனநேரம் எண்டு டொக்டர் சொல்றார். அப்ப என்ன நடந்தது? நான் பேசினதை யோசிச்சுக்கொண்டு ஒரு மூலையில இருந்தவரோ? தனிய இருந்தவரோ? சொல்லுங்கோ, நான் தாங்குவன்."

"ஹோலுக்குள்ள நடந்ததைச் சொல்லக் கூடாது, தங்கச்சி" என்றேன்.

அவள் என்னை ஏசவில்லை. "ஓம், அவரும் அப்பிடித்தான் சொல்லுவார்" என்று மட்டும் சொன்னாள். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பரமு ஹோலில் விழுந்து இறந்ததை நான் ஆசானுக்கு அறிவித்திருந்தேன்; அதே கிழமையில் ஜப்பானிலிருந்து பதில் கடிதம் வந்தது. ஆசான் ஆழ்ந்த துக்கம் தெரிவித்திருந்தார். லண்டனில் இனி நானே மூத்தவன். தோற்கிற பக்கம் இனி என்னுடையது. தன் வருகையின்போது எனக்குத் தரும் சுருளில் பரமுவின் பெயருக்குப் பின்னால் என் பெயரைத் தன் கையால் எழுதுவார். ஹோலில் நடந்தது ஹோலிலேயே இருக்கட்டும், வரிசை அறுந்துபோகக் கூடாது. பொய் சொல்ல மாட்டேன், ஆசைப்பட்டேன். பத்தொன்பது பெயருக்குக் கீழே என் பெயர். கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினேன். ஒவ்வொரு தரிப்பிலும் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், ஒரு பெண் தன் புருஷனைத் தானே கொன்றதாக நம்பிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பெயரை அங்கே எழுதலாம் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

சென்ற ஞாயிறு மத்தியானம், இதுவரை நீங்கள் வாசித்ததை எடுத்துக்கொண்டு வதனி வீட்டுக்குப் போனேன். அச்சுக்குக் கொடுக்க முதல் நீ கேட்க வேண்டும் என்றேன். வாசித்தேன். குப்பி வந்த இடத்தில் கையை வாயில் வைத்தாள். "இரு" என்று மார்கரெட்டை அதட்டிய இடத்தில் நிறுத்திவிட்டேன். "வாசியுங்கோ" என்றாள். வாசித்து முடித்தேன்.

"அவருக்கு ஏலாது எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை. ஒரு சொல்லு."

கையிலிருந்த தாள்களை ஒன்றாக அடுக்கினேன்.

"அப்ப நான் பேசினதால இல்லை?"

"இல்லை, வதனி. நான் நிண்டதால."

அவள் அழுதாள். செத்தவீட்டில் அழுததைப்போல் அல்ல. சத்தம் போட்டு, என்னையும் அவரையும் அந்த ஹோலையும் திட்டித் திட்டி அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, கதவைத் திறந்து விட்டாள்.

"போட்டு வாங்கோ அண்ணை. கொஞ்ச நாளைக்கு இஞ்ச வராதேங்கோ. உதில ஒரு வரியும் வெட்டாமல் அச்சடியுங்கோ."

வெட்டவில்லை. ஆசானுக்கும் நடந்ததை எழுதிப் போட்டுவிட்டேன். என் பெயர் இனி அந்த வரிசையில் வராது. பரமுவின் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும். அவருடைய சுருள் வதனியிடம் இருக்கிறது. மரவாளை மார்கரெட் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த மூன்று நிமிடத்தின் பழியைத்தான் இத்தனை நாளும் வதனி தன்னுடையது என்று நினைத்து வைத்திருந்தாள். அதை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பரமுவிடமிருந்து எனக்கு என்று இருப்பது அதுதான். நான் சாகும்வரை என்னோடு இருக்கும்.