நைனா கயிற்றை விட்ட ஜெபம்

என்னைப் பெண் பார்த்தது நடு ஏரியில். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நனைந்தவள் நான்தானே.

அப்போது சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். அந்த வேலை என்றால் எனக்கு உயிர். மாப்பிள்ளைக்குத் திருப்பதி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஆள் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்: “கல்யாணத்துக்கு அப்பறம் வேலை கீலை எல்லாம் வேணாம்.” அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “பாத்துக்கலாம் வுடும்மா” என்றாள் என் அம்மா. எதைப் பார்த்துக்கொள்வது? மாப்பிள்ளையையே நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அதுதான் முடியாத காரியம். எங்கள் சபையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம், பேசக்கூடாது. ஈஸ்டருக்கு மறுநாள் குடும்பம் குடும்பமாக வெளியே போய்ச் சாப்பிடுவது வழக்கம். அந்தச் சாக்கில் பெண் பார்ப்பதும் நடந்துவிடும். என் அப்பா, நைனா, சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியார். மிஷன் டாக்டர் துரை சீமைக்குப் போகும்போது, மலை ஏரியில் வைத்திருந்த தன் படகை நைனாவின் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். ஒல்லியாக நீளமாக இருக்கும். கனோ என்பார்கள். சற்று அசைந்து உட்கார்ந்தாலே கவிழ்ந்துவிடுகிறேன் என்று மிரட்டும்.

காலையில் வெயில் கொளுத்தியது. மலையேறி முடிப்பதற்குள் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு பளிச்சென்று வெயில். மறுபடியும் கறுப்பு.

“இன்னாங்க இது, வானம் ஒரு மாரியா கீதே” என்றாள் அம்மா.

“ஜெபம் பண்ணிட்டா கலைஞ்சிடும்” என்றார் நைனா.

அக்கரையில் நல்ல நிழல் உண்டு, சாப்பாடு அங்கே. முதல் நடையில் முன்னால் சாப்பாட்டுக் கூடையோடு நான், பின்னால் துடுப்போடு மாப்பிள்ளை, எங்களுக்கு நடுவில் காவலுக்கு அவருடைய அம்மா என்று ஏற்பாடு. துடுப்புப் போடத் தெரியும் என்று மாப்பிள்ளையே சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அவர் அம்மா மட்டும் கரையிலேயே நின்றுவிட்டார். “ஜெபம் பண்ணாம நான் கால வெக்கமாட்டேன்.”

நைனாவுக்குச் சொல்ல வேண்டுமா! படகின் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். விடிந்ததற்கு நன்றி சொன்னார். சக்கரவர்த்திக்காக, கலெக்டருக்காக, துரையின் கப்பல் பிரயாணத்துக்காக வேண்டினார். காய்ந்துபோன ஏரிகளுக்கெல்லாம் மழை கேட்டார். பங்காருபாளையத்து மாங்காய்கள் ஆலங்கட்டியில் உதிரக்கூடாது என்றார். கேட்ட மழையைச் சாயங்காலம் வரை நிறுத்தி வைக்கவும் சொன்னார். ஆண்டவர்தான் எதைக் கேட்பார், பாவம்!

எங்கள் வீட்டில் ஆமென் வருவதற்குமுன் கண்ணைத் திறப்பது கொலைக்குச் சமானம். இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். போகப் போக நைனாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பக்தியில் உருகுகிறார் என்று நினைத்தேன். ஆமென் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் கேட்டது. கண்ணைத் திறந்தால் காற்று எங்களை நடு ஏரிக்கே தள்ளியிருந்தது! தூரத்தில் நைனா இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தியபடி நின்றிருந்தார். ஜெபம் சூடுபிடித்தால் அவருக்கு இரண்டு கையும் தூக்கியாக வேண்டும். கயிற்றை எப்போது விட்டாரோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

“ஐயையோ, எம்புள்ளைய தண்ணி இட்டுக்கினு போவுதே!” என்று அவர் அம்மா அலறினார்.

நான் திரும்பினேன். மாப்பிள்ளை அப்போதுதான் கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தார்.

“துடுப்புப் போடுங்க” என்றேன். போட்டார். படகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது.

“தெரியும்னு சொன்னீங்களே?”

“துரைங்க போடறத பாத்திருக்கேங்க.”

எனக்குச் சிரிப்புப் பீறிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மழையும் கொட்டியது. அவரும் சிரித்துவிட்டார். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட அவர் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. இதைவிட்டால் வேறு சமயம் ஏது?

“கல்யாணத்துக்கு அப்பறமும் நான் டீச்சர் வேலைக்குப் போலாமா, கூடாதா?”

“தாராளமா போங்க. கவுண்டர்ல ஒக்காந்துகினு நாளெல்லாம் நான் பேசறது ஊர் பேருதான். வீட்டுக்கு வந்தா நீங்களாவது எதுனா புதுசா சொல்லுவீங்க இல்ல?”

“அப்ப இத உங்கம்மாகிட்ட ஏன் சொல்லல?”

துடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “அம்மா எதிர்ல எனக்கு வாயே வராதுங்க.”

நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷனாக இருந்தால் மட்டும் போதுமா?

“நடு ஏரியில சொல்றது எதுக்கு ஆவும்? கரையில உங்கம்மா எதிர்ல சொல்லுங்க. இல்லன்னா இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்.”

அவர் மறுபடியும் துடுப்பைத் தண்ணீரில் விட்டார். கூடையிலிருந்த தாம்பாளத்தை எடுத்து நானும் தண்ணீரைத் தள்ளினேன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், “நீங்க வலது, நான் இடது! இப்ப நீங்க, இப்ப நான்!” என்றேன். ஒரு வழியாகக் கோணல்மாணலாகக் கரை சேர்ந்தோம்.

அவர் அம்மா பிள்ளையின் தலையை முந்தானையால் துவட்டித் துவட்டித் திட்டினார். ஸ்தோத்திர ஜெபம் பண்ண நைனா மறுபடியும் கைகளைத் தூக்கினார். “மொதல்ல அந்தக் கயித்தக் கட்டுங்க!” என்று என் அம்மா சீறினாள்.

மழை விட்டது. அவர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பொண்ணு தைரியசாலி. எனக்குப் புடிச்சிருக்கு. வேலைய மட்டும் வுட்டுடணும், அவ்ளோதான்.”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று என் மனசு அடித்துக்கொண்டது.

“அம்மா.” குளிரில் அவருக்குப் பல் தந்தியடித்தது. “அவங்க வேலைக்குப் போவாங்க.”

“யாரு சொன்னது?”

“நான் சொல்றேன்.”

பிள்ளைக்கு வாய் இருப்பதையே அன்றுதான் பார்த்தவர்போல் அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். நைனா என் அம்மாவைப் பார்த்தார், அம்மா அவரைப் பார்த்தாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காவிட்டால் என்ன? “எனக்கு இஷ்டம்” என்று உரக்கச் சொன்னேன்.