புத்தகத்தில் ஜீப் வராது

“புக்குலயும் ஜீப்பு வருமாம்மா?”

ஐந்தாவது படிக்கும் என் மகள் இப்படிக் கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். பால் பொங்கவில்லை.

அவள் கேட்டது ஒரு சிறிய நாவலைப் பற்றி. கல்லூரி விடுதியில் என் தலையணைக்கு அடியிலேயே கிடந்த புத்தகம். எங்கள் ஜவ்வாது மலையைப் போன்ற ஒரு மலையில், மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் பேருந்துக்காக நிற்கிறாள். பேருந்து வரவில்லை. குழந்தை அவள் தோளிலேயே இறந்துவிடுகிறது. அது தெரியாமல் அவள் அதற்குக் கதை சொல்லிக்கொண்டே நடக்கிறாள். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகவே அந்த நாவலை நேசித்தேன். எங்களைப் பற்றி ஒருவராவது பொய் சொல்லாமல் எழுதினாரே என்று. அப்போது எனக்குக் குழந்தை இல்லை.

பிறகு அதைப் படமாக எடுத்தார்கள். போன பொங்கலுக்கு டிவியில் போட்டார்கள். சாமைக் கொல்லை இருக்கவேண்டிய இடத்தில் தேயிலைத் தோட்டம். கிழிந்த புடவை கட்டிய, புருவம் திருத்திய தாய். கடைசியில் மலை வளைவில் ஒரு ஜீப் வெளிச்சம் அடித்துக்கொண்டு வருகிறது. ஹீரோ குதித்து இறங்குகிறார். குழந்தை பிழைத்துக்கொள்கிறது. வீடே கைதட்டியது. மகள் பாயில் எழுந்து நின்று குதித்தாள்.

“இன்னா அண்ணி, நாங்கல்லாம் கண்ணத் தொடைக்கிறோம், நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?” என்றாள் நாத்தனார்.

“புக்குல கொழந்த செத்துப்போயிடும்” என்றேன், மகள் காதில் விழாதபடி.

“எழுதுனவன் புள்ள பெத்தவனா? கெடக்குது வுடு. காலேஜு படிச்சவங்களுக்கு அழுவறதுக்குக்கூட புக்கு வேணும்.”

கணவர் சிரித்தார். நான் எழுந்துபோய் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

என் மகளுக்கும் இழுப்பு இருக்கிறது.

பொங்கல் முடிந்து, புளி உலுக்கும் மாதத்தில் ஒரு சாயங்காலம் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. கணவர் போளூருக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட சிக்னல் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஜமுனாமரத்தூர் பஸ் வரவில்லை. நிற்க நிற்க அந்தக் கடைசிப் பக்கம்தான் வரிவரியாக நினைவுக்கு வந்தது. அவளிடம் பேச்சுக் கொடுத்தால் நானும் அந்தத் தாயாகிவிடுவேனோ என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அவள் பயப்படவே இல்லை. “ஜீப்பு வரும்மா” என்றாள். சொல்லிவிட்டு, நான் பழக்கியிருந்தபடி மெதுவாக மூச்சை விட்டாள்.

வந்தது புளி மூட்டை ஏற்றிய மினி லாரி. கை காட்டி நிறுத்தினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏற மறுத்தாள்.

“இது வேணாம். ஜீப்பு பின்னாடி வருது.”

“ஏம்மா, இன்னா பேசிக்கினு கீறீங்க? புள்ள ஒதடு நீலமாவுது, ஏறு!” என்று டிரைவர் கத்தினார்.

அவள் விரல்களைப் பிரித்து, தூக்கி உள்ளே போட்டு, நானும் ஏறினேன். வழியெல்லாம் பக்கக் கண்ணாடியில் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரான பிறகு நர்ஸ் சொன்னார்: “பயந்து அழுதிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்ங்க. தைரியமான பொண்ணு.”

அந்தத் தைரியத்தைக் கொடுத்தது நான் வெறுக்கும் படம். ஏறவிடாமல் தடுத்ததும் அதே படம். நான் நேசித்த புத்தகமோ என் வாயை அடைத்துவிட்டது. எழுதியவரும் சரி, எடுத்தவரும் சரி, எங்கள் ரோட்டில் ஒரு நாள் நின்றிருப்பார்களா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. சாயங்கால பஸ் நேரத்துக்கு வந்தது என்று ஒரு கதையும் முடிவதில்லை.

இப்போது அட்டையில் படத்தின் பெயரைப் பார்த்து, அந்தப் புத்தகத்தை அவளே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறாள். படித்த இடத்தில் தன் ரிப்பனை வைக்கிறாள். ரிப்பன் பாதியைத் தாண்டிவிட்டது. கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று முந்தாநாள் கையில் எடுத்தேன். மனசு வரவில்லை. ஒளித்து வைத்தால் தேடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படித்தால், அடுத்த முறை மூச்சு இழுக்கும்போது என்னைப்போல அவளும் அந்தப் பக்கத்தையே நினைப்பாள். ஜீப் வரும் என்று சொல்லிவிட்டால், அடுத்த லாரியையும் வேண்டாம் என்பாள்.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பயந்து கிடக்கும் அம்மாக்கள் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்வீர்கள்? ரிப்பன் கடைசி அத்தியாயத்துக்குப் போவதற்குள் தயவுசெய்து எழுதுங்கள்.