முறுகல் ஓரம்

என் மகள் தோசை சாப்பிடமாட்டாள், தோசையின் ஓரத்தைத்தான் சாப்பிடுவாள். மாவு காய்ந்து பழுப்பேறி, ஒடித்தால் சத்தம் கேட்கும் அந்த ஒரு விரல் அகலம் மட்டும். நடுவில் மெத்தென்று இருப்பது நாக்கில் பட்டுவிட்டால் உடம்பு முழுக்கச் சிலிர்த்துத் துப்பிவிடுவாள். ஆகவே எங்கள் வீட்டில் நடுத்தோசை தின்பது என் வேலையாக இருந்தது. ஏன் இப்படிக் குண்டாகிவிட்டாய் என்று கேட்டவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

தோசை ஓரத்தை விட்டால் மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ். கல்வராயன் மலையடிவாரத்தில் கிழங்குக்கு என்ன பஞ்சம்! காரம் போடாமல் உப்பு மட்டும் போட்டுக் கடைக்காரர் தனியாக எடுத்துவைப்பார். இந்த இரண்டுதான் அவள் சாப்பாடு. தட்டில் ஒரு சொட்டு சாம்பார் தெறித்துவிட்டால் அந்தத் தட்டையே தொடமாட்டாள். கடுகு வெடிக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுவாள். பேச்சும் அதிகம் கிடையாது. வேண்டும் என்றால் கையை நீட்டுவாள், வேண்டாம் என்றால் வாயை இறுக்கிக்கொள்வாள்.

அவளுக்கு ஐந்து வயதில் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஆட்டிசம் என்று அங்கேதான் சொன்னார்கள். இது பிடிவாதமில்லை, நமக்குக் கண்ணில் மண் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் சில சாப்பாடு இவள் வாய்க்கு என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். என் கணவர் விழுப்புரம் வரும்வரை தலையாட்டிக்கொண்டே வந்தார். கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் அந்தத் தலையாட்டல் நின்றுவிட்டது.

காரணம், அவருடைய அக்கா. என் நாத்தனாரைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவள் கெட்டவள் இல்லை. சங்கராபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, பிள்ளையின் மெலிந்த கையைத் தடவி அழுதுவிட்டுப் போகிறவள். குழந்தைக்குத் தொக்கம் விழுந்திருக்கிறது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். எங்கள் பக்கம் பிள்ளை சாப்பிட மறுத்தால் முதலில் சொல்வது அதைத்தான். எப்போதோ தின்ற ஏதோ ஒன்று தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு அடுத்ததை இறங்கவிடாமல் தடுக்கிறதாம். அதை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய்க்குள் விரலை விட்டு எடுத்து, இலையில் வைத்துக் காட்டுவார்கள்.

நான் எவ்வளவோ சொன்னேன். கண்ணில் மண் கதையையும் சொன்னேன். நாத்தனார் கேட்டுவிட்டு, அந்த மண்ணைத்தான் எடுக்கப் போகிறோம் என்றாள். கணவர், போய்த்தான் பார்ப்போமே, என்ன குறைந்துவிடப் போகிறது என்றார். நான் வராவிட்டாலும் அழைத்துப் போவார்கள் என்று தெரிந்தது. மகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனேன்.

தொக்கம் எடுக்கிற அந்த அம்மாவின் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. அந்த அம்மா விரலை எண்ணெயில் தொட்டாள். அந்நிய வாசனைக்கே அறையை விட்டு ஓடுகிறவள் என் மகள். அப்பா காலைப் பிடித்துக்கொண்டார், அத்தை தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை, அவள் போட்ட கூச்சல் அப்படி. விரல் உள்ளே போனதும் கூச்சல் நின்றது. காலையில் தின்ற தோசை ஓரமெல்லாம் வெளியே வந்து விழுந்தது.

அந்த அம்மா இலையைக் காட்டினாள். அதில் ஒரு சின்னக் கறித்துண்டு இருந்தது.

"அவ கறியே துன்னதில்லீங்க. வூட்டுல கொழம்பு கொதிச்சாலே வெளிய ஓடிடுவா," என்றேன்.

"உனுக்குத் தெரியாம துன்னிருக்கும் தாயி," என்றாள் அவள், கோபமே இல்லாமல். வாசலில் இருந்தவர்களும் அன்பாகத்தான் சிரித்தார்கள். நாத்தனார் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தனை பேரும் கண்ணால் பார்த்த கறித்துண்டுக்கு முன்னால் என் வார்த்தை எடுபடவில்லை.

அன்று சாயங்காலம் தோசையை நன்றாக முறுகவிட்டு ஓரத்தைக் கிள்ளி நீட்டினேன். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். சிப்ஸ் வேண்டாம், தண்ணீர்கூட நான் நீட்டினால் வேண்டாம். டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வெளியே போய்விட்டால் கொஞ்சம் குடிப்பாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் பசியோடு கிடக்கிறாள், என் கையில் அவள் சாப்பாடு இருக்கிறது, கொடுக்க வழியில்லை. அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் எரிந்து விழுந்தேன். அடுப்படியில் போய் அழுதேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, தரையில் கிடந்த பையிலிருந்து ஒரு சிப்ஸைத் தானே எடுத்தாள். முகர்ந்தாள், திருப்பிப் பார்த்தாள், கடித்தாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றேன். அன்றிலிருந்து சிப்ஸ் மட்டும் தின்கிறாள். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாலே தோட்டத்துக்கு ஓடிவிடுகிறாள்.

நாத்தனார் பார்க்க வந்தபோது மகள் மூலையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். நாத்தனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, இப்ப யாரும் குடுக்காமலே தானா எடுத்துத் துன்னுக்கினு கீது."

"ரெண்டு துன்னுக்கினு இருந்தா அண்ணி. இப்ப ஒண்ணுதான்," என்றேன்.

"அதான் நானும் கேட்டுக்கினு வந்தேன். அடியில இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கினு கீதாம். இன்னொரு வாட்டி எடுத்துட்டா எல்லாம் துன்னுமாம்."

நான் கணவரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் என் முகத்தைப் பார்க்காமல், எந்தக் கிழமை வரச் சொன்னார்கள் என்று அக்காவைக் கேட்டார்.