பஞ்சக்காவின் கை

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளையை விட்டுப்போகிற அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லோருக்கும் அவள் பஞ்சக்கா. ஆளென்னவோ நல்ல கட்டுமஸ்தான ஆள்; தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் தூக்கி வைப்பாள். அந்தக் கை குழந்தையின் மேல் பட்டால் மட்டும் பஞ்சாகிவிடும். ஊரைக் கூட்டி அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு முதுகில் நாலு தட்டுத் தட்டினால் போதும், கண் சொக்கிவிடும். சொந்த மகளைக்கூட அவள் அடித்து வளர்த்ததில்லை. முறைப்பதோடு சரி, மிச்சத்தை அவள் புருஷன் பார்த்துக்கொண்டான்.

கைக்குழந்தைகள் அறை அவளுடைய ராஜ்ஜியம். பல வருடமாக அங்கேதான் இருக்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை முதலுதவிப் பயிற்சியைப் புதுப்பித்தாக வேண்டும். பஞ்சக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. "ஒரு வயசுக்குள்ளன்னா வயித்த அழுத்தக் கூடாது. குப்புறப் போட்டு, தலையத் தாழ்த்தி, தாடையத் தாங்கிப் பிடிச்சு, தோள்பட்டைக்கு நடுவுல அடிக்கணும்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். வழக்கமாக வந்துகொண்டிருந்த பழைய நர்ஸ், "உங்களுக்குத் தெரியாததாக்கா" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள். பஞ்சக்காவின் வாயைத்தான் எல்லோரும் கேட்டார்கள், கையை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த வருடம் வந்தவள் வேறொரு நர்ஸ். சின்ன வயசு, சிரிப்புக்குப் பஞ்சம். ரப்பர் பொம்மையைப் பஞ்சக்காவின் கையில் கொடுத்து, "சொல்ல வேண்டாங்கா. செஞ்சு காட்டுங்க" என்றாள்.

பஞ்சக்கா பொம்மையை முன்கையில் குப்புறப் போட்டாள். தாடையை அழகாகத் தாங்கினாள். அதுவரை எல்லாம் சரி. பிறகு முதுகில் தட்டினாள்.

"அடிங்கக்கா."

"அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன் சிஸ்டர்?"

"நீங்க தூங்க வைக்கிறீங்க. உள்ள அடைச்சது வெளிய வரணும். இந்த அடிக்கு ஏப்பம்தான் வரும்."

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பஞ்சக்காவும் சிரித்தாள். மறுபடி தட்டினாள், அதுவும் தாலாட்டுதான். மூன்றாவது தடவை, நாலாவது தடவை என்று போகப் போகச் சிரிப்பு நின்று, எல்லோரும் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவளுக்குக் காது வரை சூடேறியது. ஓங்கிய கை பாதி வழியில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கூட வேலை செய்யும் கண்ணாடிக்காரி முதல் தடவையிலேயே பொம்மையைச் சாத்து சாத்தென்று சாத்தித் தேறிவிட்டிருந்தாள்.

"அடுத்த வாரம் வந்து திரும்பப் பார்க்கிறேன். அதுவரைக்கும் இவங்க கைக்குழந்தைங்க ரூம்ல இருக்க வேண்டாம் மேடம்" என்று நர்ஸ் காப்பகத்தை நடத்துகிற அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மேடம் தர்மசங்கடத்தில் நெளிந்தாள். "ஒரு வாரம்தானேக்கா. துணி மடிக்கிற இடத்துல இருங்க."

துணி மடிக்கும் இடம் கைக்குழந்தைகள் அறைக்கு ஒட்டினாற்போல. நடுவில் இடுப்பளவு கதவு ஒன்றுதான். பஞ்சக்கா துண்டுகளை உதறி உதறி மடித்தாள். நேற்று முளைத்தவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாளா என்று கறுவினாள். என்னைக் கேட்டால், கோபப்பட வேண்டியது அந்தப் பழைய நர்ஸ் மேல்தான். முகதாட்சண்யத்துக்காக விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து இத்தனை வருடம் இவளை ஏமாற்றியது அவள்தான். புதியவள் சொன்னது சரி என்று பஞ்சக்காவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை ஆத்திரம்.

மூன்றாம் நாள் மதியம். பெரிய குழந்தைகள் சாப்பாட்டு டப்பாவோடு அந்த வழியாகக் கை கழுவப் போனார்கள். எந்த டப்பாவிலிருந்து உருண்டதோ, ஒரு திராட்சை கைக்குழந்தைகள் அறைக்குள் போய்விட்டது. கண்ணாடிக்காரி மூலையில் இருந்த மேசையில் ஒரு குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். தவழ்ந்துகொண்டிருந்த பையன், குண்டுக் கன்னத்துக்காகப் பூரிக்கட்டி என்று எல்லோரும் கொஞ்சுகிறவன், திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இருமல் கேட்கவில்லை. அழுகையும் கேட்கவில்லை. சத்தம் இல்லாததுதான் பஞ்சக்காவை நிமிர வைத்தது. கதவுக்கு மேலாகப் பார்த்தாள். பூரிக்கட்டி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். நெஞ்சு எக்கி எக்கி இழுக்கிறது, ஒரு துளிக் காற்றுகூட உள்ளே போகவில்லை. உதடு நீலம் பூத்துக்கொண்டிருந்தது.

உள்ளே போகாதே என்று சொல்லியிருந்தார்கள். கதவை எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. "ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!" என்று கண்ணாடிக்காரியிடம் கத்திக்கொண்டே அவனை அள்ளி முன்கையில் குப்புறப் போட்டாள். தலையைத் தாழ்த்தினாள். தாடையைத் தாங்கினாள். கையை ஓங்கினாள்.

தட்டினாள்.

அடி இல்லை அது. தட்டல் என்று விழும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி ஓங்கினாள், மறுபடியும் அதே பஞ்சு. குழந்தையின் கால் உதறுவது குறைந்துகொண்டே வந்தது. கைமேல் கிடந்த உடம்பு கனத்தது. அந்தக் கனம் அவளுக்குப் பழக்கமானது. தூங்கப்போகிற குழந்தை இப்படித்தான் கனக்கும். இவனை இப்போது தூங்க வைத்தால் எழுந்திருக்க மாட்டான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி அடித்தாள். அறை முழுக்கக் கேட்டது. இன்னொன்று. இன்னொன்று. அடிக்க அடிக்க அவளே வாய்விட்டு அழுதாள். வரவில்லை. மல்லாக்கத் திருப்பி, நெஞ்சுக்கு நடுவில் இரண்டு விரல் வைத்து அழுத்தினாள். வரவில்லை. திரும்பவும் குப்புற. திரும்பவும் அடி. பாதியிலேயே ஏதோ வழுக்கிக்கொண்டு அவள் விரல்களில் விழுந்து உருண்டது.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பூரிக்கட்டி மூச்சை இழுத்து, வீடே இடிந்து விழுகிற மாதிரி வீறிட்டான். பஞ்சக்கா அவனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸும் அவன் அம்மாவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் செல்போன் கடையில் வேலை அவளுக்கு. குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாமல், ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்திருந்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பால் மாதிரி வெளுத்த முதுகில் உள்ளங்கை அச்சு செக்கச்செவேலென்று பதிந்திருந்தது.

"மூச்சு நல்லா இருக்கு. எதுக்கும் ஆஸ்பத்திரில ஒரு தடவை காட்டிடலாம்" என்றார் அவர்.

அது அம்மாக்காரியின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு அடிச்சது?"

மேடம் அவசரமாக முன்னால் வந்தாள். "அது வந்தும்மா, தொண்டையில திராட்சை மாட்டிக்கிச்சு, அத வெளிய எடுக்க அடிக்கிறதுதான் முறை..."

"யாரு அடிச்சதுன்னு கேட்டேன்!"

பஞ்சக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"நான்தாம்மா அடிச்சேன். இந்தத் தழும்புக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன். ஆனா முதல் ரெண்டு தடவை பாவம் பார்த்து மெதுவா தட்டிட்டேன். அதுக்குள்ள பிள்ளை கையை விட்டுப் போகப் பார்த்துச்சு. அந்த ரெண்டுக்கும் என்னை என்ன வேணா கேளு."

அம்மாக்காரி அவளையே பார்த்தாள். பிறகு அவளும் அப்படியே தரையில் உட்கார்ந்து, பஞ்சக்காவின் கால் பக்கமாகச் சாய்ந்து, குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.