சேற்றில் நிற்பவளைத் திட்டக்கூடாது

வேன் சரியாக நிற்பதற்குள் கவேஹி கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடுகிறாள். ஒரு செருப்பு படியில் கிடக்கும், இன்னொன்று தூங்குமூஞ்சி மரத்தடியில். நான் பிரேக்கை இழுத்துவிட்டு, "அடியே, காலை ஒடிச்சுக்காதே" என்று கத்தும்போது அவள் சேம்பு வயலில் முழங்கால் சேற்றில் நிற்பாள். நின்றபடியே திரும்பி உதட்டில் விரலை வைப்பாள். "உஷ்! ஆன்ட்டி, அண்ணன் காதுல விழுது."

அண்ணன் என்று அவள் சொல்வது சேம்பை. எங்கள் தீவுகளில் சேம்புதான் மூத்தது, மனிதன் அதற்குத் தம்பி. முதலில் பிறந்த பிள்ளை மூச்சில்லாமல் பிறந்து, புதைத்த இடத்தில் சேம்பாக முளைத்தது, அடுத்துப் பிறந்தவன்தான் நம் எல்லோருக்கும் பாட்டன் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அண்ணனுக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி பேசலாமா? அதனால் வயலில் சண்டை கிடையாது, வசவு கிடையாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுகூடக் கிடையாது. கோபம் வந்தால் வரப்பேறு, வாய்க்காலில் காலைக் கழுவு, அப்புறம் பேசு. சேற்றில் நிற்பவரையும் யாரும் வரப்பிலிருந்து திட்டக்கூடாது. நடுவில் சேம்பு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறதே.

வையானாய்க் கடற்கரை ஊர்களில் பள்ளிக்கூடம் துரத்திய பிள்ளைகளையும் நீதிமன்றம் பிடித்த பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலையடி வயலுக்குப் போவது என் வேலை. பெரிய வேன், சின்ன ஸ்டியரிங், என் பொறுமை அதைவிடச் சின்னது. கவேஹிக்கு வயது பதினாறு. தோளில் நீச்சல்காரியின் அகலம், மூக்குக்கு மேல் கோபம். புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டுதான் வண்டியேறுவாள். சாயங்காலம் திரும்பும்போது தலைமுடி, காது, கழுத்து எல்லாம் சேறாக இருக்கும், புருவம் மட்டும் காலையில் வரைந்தபடியே இருக்கும். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால், "திறமை ஆன்ட்டி, திறமை" என்கிறாள்.

மதியச் சாப்பாட்டில் சேம்புக் கூழை விரலால் வழித்து முதலில் முடித்துவிடுவாள். சோற்றுக் கட்டியைச் சுற்றியிருக்கும் கடற்பாசித் தாளைத் தனியே உரித்து, மடித்து, பையில் போட்டுக்கொள்வாள். அப்புறம் பார்த்தால் அதைத் தம்பி பொனோவுக்கு என்று வைத்திருக்கிறாள். அவனுக்குக் கடற்பாசி என்றால் உயிராம். அது பையிலேயே நமத்துப் போய், வாரக் கடைசியில் குப்பைக்குப் போகும். ஏனென்றால் அவள் இப்போது வீட்டில் இல்லை. நீதிமன்றம் சேர்த்த விடுதியிலிருந்துதான் வந்து போகிறாள்.

நடந்தது இதுதான். அம்மா தூங்கும்போது சாவியை எடுத்து, பொனோவைப் பக்கத்தில் உட்கார வைத்து, காரைக் கொண்டுபோய்ப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டாள். இவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பொனோவின் கை முழங்கையில் ஒடிந்து, கட்டுப் பிரித்த பிறகும் முழுசாக நீளவில்லை. அம்மா மோமி தீவின் மறுபக்கம் வைக்கீகி ஹோட்டலில் படுக்கை விரிப்பவள். கார் போனதிலிருந்து விடியுமுன்னே பஸ் பிடித்துப் போகிறாள். இந்த ஐந்து மாதத்தில் மகளை ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லை. வயல் வேலை முடிகிற அன்று மோமி "என்னோடு வரட்டும்" என்றால் கவேஹிக்கு வீடு. இல்லாவிட்டால் பதினெட்டு வரைக்கும் விடுதிதான்.

வந்த புதிதில் அவள் சேற்றில் நின்ற நேரத்தைவிட வரப்பில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். இகாய்கா என்று ஒரு தடியன், கடை ஜன்னல் உடைத்தவன், இவள் புருவத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். இவள் பதிலுக்கு அவன் பரம்பரையையே இழுத்தாள். வயலைப் பார்த்துக்கொள்ளும் மானு அங்கிள், முப்பதைத் தாண்டாதவர், "வரப்பேறு" என்றார் ஒரே வார்த்தையில். மறுநாளும் வரப்பேறு, அதற்கு மறுநாளும் வரப்பேறு. அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தவளுக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. திட்டினால் மேலே அனுப்புகிறார்கள், சரி. கீழேயே இருந்துவிட்டால் யார் திட்டுவது?

அன்றிலிருந்து பிடித்தது வினை. நீதிமன்றத்திலிருந்து வரும் அதிகாரி பளபளக்கும் ஷூவோடு வரப்பில் நின்று, "கணக்குப் பரீட்சைக்கு ஏன் போகல?" என்று ஆரம்பிப்பார். இவள் களை பிடுங்கியபடி நடு வயலுக்குப் போய்விடுவாள். "கவேஹி!" என்று அவர் குரலை உயர்த்தினால், "சார், அண்ணன் கேக்குறாரு" என்பாள் பவ்யமாக. மானு அங்கிள் பாடு இன்னும் மோசம். அவரே சேற்றில் நிற்பவர். திட்ட வேண்டுமானால் அவர் வரப்பேறி, கால் கழுவி, இவளையும் மேலே வரச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். கால் கழுவி முடிப்பதற்குள் அவருக்குக் கோபம் போய்விடும். "எதுக்குக் கூப்பிட்டேன்?" என்று என்னையே கேட்டிருக்கிறார்.

இந்த வித்தையை மற்ற பிள்ளைகள் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மண்வெட்டியை உடைத்தவன், போனை ஒளித்தவன், வழியில் அடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் வேனிலிருந்து நேராகச் சேற்றில்தான் குதித்தார்கள். குதித்த பிறகு சும்மா நிற்க முடியுமா? அட்டை கடிக்கிறதோ இல்லையோ வெட்கம் கடிக்கும். கை தானாகக் களையைப் பிடுங்கும், தண்டில் ஒட்டிய நத்தை முட்டையை வழித்தெடுக்கும். அந்தப் பருவத்தில் எங்கள் வயலில் மருந்துக்குக்கூடக் களை இல்லை. பக்கத்து வயல்காரர் வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பசங்களுக்கு என்னய்யா போடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மண் மனிதனைத் திருத்தும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. சேறு சேறுதான், வேன் சீட்டில் அதைத் தேய்த்துக் கழுவுகிறவளுக்குத் தெரியும். ஆனால் வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முழங்கால் சேற்றில் கோபித்துக்கொண்டு விடுவிடுவென்று போக முடியாது. ஒரு காலைப் பிடுங்கினால் மற்றது புதையும். கவேஹியின் கோபமெல்லாம் கால் வழியாக ஓடுகிற கோபம். கதவை உதைப்பாள், ஓடுவாள், காரை எடுப்பாள். வயலில் அதற்கு வழியில்லை. நின்ற இடத்தில் நிற்க வேண்டும், குனிய வேண்டும். சில நாள் குனிந்தபடி அவள் சேம்பிடம் ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். என்ன பேசுகிறாய் என்று நானும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "அது எங்க குடும்ப விஷயம்" என்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை மோமி வந்தாள். ஹோட்டல் சீருடையோடு, பஸ் நிறுத்தத்திலிருந்து மலைப்பாதையில் நடந்தே வந்திருக்கிறாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். கடையில் பார்த்தால் நின்று கதை பேசுகிறவள். வயல் வேலை முடிகிற திங்கட்கிழமை அவள் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும், வயலில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும்.

கவேஹி அம்மாவைப் பார்த்தாள். பார்த்ததும் வழக்கம்போல நடு வயலுக்கு நகர்ந்துவிட்டாள்.

மோமி வரப்பில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே.

"மேல வா" என்றாள் கடைசியில்.

"களை இருக்கும்மா."

ஒரு களையும் இல்லை. நான்தான் சொன்னேனே.

"கவேஹி, மேல வா. இங்க நின்னு என்னால பேச முடியாது."

"இரு, இந்த வரிசைய முடிச்சிட்டு."

இகாய்கா அவள் பக்கத்தில் குனிந்து குசுகுசுத்தான். அவன் குசுகுசுப்பது அடுத்த ஊருக்குக் கேட்கும். "அப்படியே நில்லு. பஸ் போயிடும்னு அவங்களே கிளம்பிடுவாங்க."

அப்படித்தான் நடந்தது. மோமி கொஞ்ச நேரம் கைப்பையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். போடி, போய்க் கூப்பிடுடி என்று வேனுக்குள்ளிருந்தே பல்லைக் கடித்தேன்.

"அம்மா, இரு!"

சேற்றில் ஓட முடியாது. ஆனாலும் ஓடப் பார்த்தாள். விழுந்து, கையூன்றி எழுந்து, வரப்பேறி, காலைக்கூடக் கழுவாமல் வந்தாள். புருவம் முதல்முறையாக அழிந்திருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து, வயலை விட்டுத் தள்ளி, வேன் நிற்கும் மரத்தடிக்கு இழுத்துவந்தாள். வெள்ளைச் சீருடைக் கையில் ஐந்து விரலும் பதிந்தன.

"இங்க பேசினா கேக்காது. இப்பத் திட்டு."

மோமி திட்டினாள். அப்பாடி, என்ன திட்டு! ஐந்து மாதம் பஸ்ஸில் உட்கார்ந்து சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது. சாவி, கார், வேலைக்குத் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிய பேச்சு, ஆஸ்பத்திரியில் தரையில் படுத்த ராத்திரி. கவேஹி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து இறங்கிய தண்ணீர் முகத்துச் சேற்றில் கோடு போட்டது.

மோமிக்கு மூச்சு வாங்கியது. "போதும், போ" என்றாள்.

"போதாதும்மா. பொனோ கையப் பத்தி நீ இன்னும் சொல்லவே இல்ல."

மோமியின் முகம் கோணிக்கொண்டது. "சொல்லி என்னடி பண்றது? சட்டை போடும்போது அந்தக் கை பாதியிலயே நின்னுடுதுடி. வலிக்குதாடான்னா இல்லன்றான். அக்கா எப்ப வரும்னுதான் கேக்குறான். நான் என்னத்தச் சொல்லுவேன்? உன்னை நம்பி எப்படிடி திரும்ப அவன் பக்கத்துல விடுவேன்?" என்று அலறினாள். அந்த அலறல் வயல் முழுக்கக் கேட்டிருக்கும். பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். மானு அங்கிள் வரப்பேறி, கால் கழுவாமலே எங்களை நோக்கி வேகமாக வந்தார். நானும் வேனை விட்டு இறங்கக் கதவைத் திறந்தேன்.

கவேஹி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கண் அம்மா முகத்திலேயே இருந்தது. பின்னால் கட்டியிருந்த கைகளில் ஒன்றை மட்டும் பிரித்து, சேறு காயாத உள்ளங்கையை எங்களுக்கு நேராக விரித்துக் காட்டினாள், யாரும் கிட்ட வர வேண்டாம் என்று.