முதுகுக்குள் இருந்த தாள்

பயப்படுவதைத் தவிர பைண்டரம்மாவுக்கு வேறொன்றும் தெரியாது என்று அவள் கணவன் உயிரோடிருந்த நாளில் சொல்லிச் சிரிப்பான். இடிக்குப் பயம், பல்லிக்குப் பயம், வாசலில் போலீஸ் சீருடை தெரிந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிவாள். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பதிவேடுகளையும் நீதிமன்றக் கட்டுகளையும் தைத்து ஒட்டிய அவளுடைய கைகள் மட்டும் விதிவிலக்கு. உடம்பெல்லாம் நடுங்கினாலும் கை தன்பாட்டுக்கு வேலை பார்க்கும். அச்சகங்களுக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்னும் பின்னும் கதவு வைத்த ஒற்றை அறைதான் அவளுடைய பட்டறை.

அவளுக்கென்று மிச்சமிருந்தவன் ஒரே தம்பி. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு இரண்டு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்புறம் எழுவர் சபையில் சேர்ந்தான்.

"அங்க அப்படி என்னடா இருக்கு?" என்று கேட்டாள்.

"நான் உள்ள போனா எழுந்து நிக்கிறாங்கக்கா. எனக்காக யாராவது எழுந்து நின்னு பாத்திருக்கியா நீ?"



எழுவர் சபையின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் மாட்டார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கொடுங்கோலன் ஏழு சகோதரர்களை ஒரு வீட்டில் வைத்துப் பூட்டித் தீ வைத்தானாம். அவர்கள் விண்மீன்களிடம் கற்ற ஒரு சொல்லைச் சொன்னார்களாம். தீ விலகி வழிவிட, ஒரு முடிகூடக் கருகாமல் ஏழு பேரும் நடந்து வந்தார்களாம். அந்தச் சொல்தான் சபையின் ரகசியம். தொள்ளாயிரம் என்று எண்ணிப் பார்த்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேள்வி கேட்கிறவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும்; கேட்காதவனுக்கு நல்லவன் என்று பெயர்.

சபையில் கடைசி உறுதிமொழி எடுக்கிறவன் தீயறைக்குள் போகவேண்டும். சன்னல் இல்லாத அறை. சுற்றிலும் ஏழு கரிச்சட்டிகள் கனன்றுகொண்டிருக்க, வெளியே பூட்டிவிடுவார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தால் அவனும் அழியாதவன். போன வருடம் தையல்காரர் மகனைக் காலையில் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மனசு சுத்தமில்லை என்றார்கள். அடைத்த அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் தையல்காரர் தன் மகனுக்காக அழக்கூட வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். பிள்ளையையும் பறித்துக்கொண்டு பழியையும் பெற்றவன் தலையில் போட்டுவிட்டுப் போகிற அக்கிரமத்துக்கு ஊரில் பக்தி என்று பெயர்.

வருகிற வெள்ளிக்கிழமை தம்பியின் முறை.

"வேண்டாம்டா," என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"உனக்குக் கரப்பான் பூச்சின்னாலே பயம். உன்கிட்ட யோசனை கேட்டா நடக்குமா?" என்று சிரித்துவிட்டு, திங்களன்று நான்கு நாள் தனிமைக்காகச் சபை வீட்டுக்குள் போய்விட்டான். இனி வெள்ளிவரை யாரும் அவனைப் பார்க்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் மரக்கடை முதலாளி பட்டறைக்குள் நுழைந்தார். சபைக்குள் அவருக்குக் காப்பாளர் என்று பெயர். பட்டுத்துணியைப் பிரித்து ஒரு தடித்த புத்தகத்தை மேசையில் வைத்தார். அட்டை கழன்று தொங்கியது.

"எழுவரே எழுதினது. ஒட்டிக் குடு. ஆனா ஒரு எழுத்துகூடப் படிக்கக்கூடாது. நான் இங்கயேதான் இருப்பேன்."

"சரிங்கய்யா."

"வேலை முடிஞ்சு மூடினா மூடினதுதான். அடுத்து அதத் திறக்கிறது உன் தம்பி கைதான். திறந்ததும் கண்ணுல படுற முதல் பக்கத்தை அவன் எல்லார் முன்னாடியும் உரக்கப் படிக்கணும். அதுதான் அவனுக்கு வாக்கு."

முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் கண் பக்கங்களை விட்டு நகரவில்லை. தாள்களைச் சேர்த்துத் தைத்த முதுகு அவள் பக்கம் இருந்தது. முதுகில் படிக்க என்ன இருக்கப்போகிறது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். பைண்டிங் தெரியாதவர் நினைப்பு அது. முதுகைப் பலப்படுத்த உள்ளே ஏதாவது கழிவுத்தாளை ஒட்டுவதுதான் எல்லாப் பைண்டர்களுக்கும் வழக்கம்.

ஈரத்துணி போட்டுப் பழைய பசையை ஊறவைத்தாள். முதலில் மடிப்புகளைப் பார்த்தாள். ஒரு புத்தகத்தைப் பிரித்து மறுபடி தைத்தால் பழைய ஊசித்துளைகள் காட்டிக்கொடுத்துவிடும். இதில் ஒரே ஒரு வரிசைத் துளைகள். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு முறை தைத்த புத்தகம். அப்புறம் முதுகிலிருந்து தாள் கழன்று வந்தது. அச்சடித்த துண்டறிக்கை, எழுபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அப்படியானால் புத்தகத்துக்கும் அதற்கு மேல் வயதில்லை.

தலையைத் தூக்காமல் படித்தாள்.

'நம் சாயப்பட்டறையில் தீப்பிடித்த அன்று கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி மேலாளரின் மேசையில் இருந்தது. உள்ளே வெந்து செத்தவர்கள் எழுவர்.' கீழே ஏழு பெயர்கள், வயதோடு. கடைசிப் பெயருக்குப் பதினேழு. 'வேலை நேரத்தில் கதவைப் பூட்டாதே என்று கேட்போம். கூட்டம் போட்டால் சிறை என்கிறார்கள். ஆகவே வழிபாடு என்று சொல்லிக் கூடுவோம். அடையாளச் சொல் தெரியாதவரிடம் வாய் திறக்காதே.'

 எழுவரும் வெளியே வரவே இல்லை. சொல் தீயை விலக்கவும் இல்லை, அது போலீஸுக்குப் பயந்து வைத்துக்கொண்ட சொல். கதவைப் பூட்டாதே என்று கேட்டவர்கள் ஆரம்பித்த சபை, இன்று அவர்கள் பெயரைச் சொல்லியே கதவைப் பூட்டுகிறது.

"என்ன, கை நின்னுபோச்சு?" என்றார் காப்பாளர்.

"பசை... பசை இன்னும் ஊறலைங்கய்யா."

"உடம்பு ஏன் இப்படி ஆடுது?"

"எனக்கு எப்பவும் இப்படித்தாங்க. ஊருக்கே தெரியும்."

அவர் சிரித்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவளுடைய பயம் அவளுக்கு உதவியது.

கத்தினால் யார் கேட்பார்கள்? தாளை வெளியே கொண்டுபோனால் வாசலைத் தாண்டுவதற்குள் பிடுங்கிவிடுவார். தம்பியோ பூட்டிய வீட்டுக்குள். அவனிடம் போகப்போவது இந்தப் புத்தகம் ஒன்றுதான். புது அட்டையைப் போர்த்தி, உள்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டவேண்டிய இடத்தில், எழுத்து மேலே தெரியும்படி அந்தத் துண்டறிக்கையை ஒட்டினாள். அட்டை அவர் பார்வையை மறைத்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கை மட்டும் ஒரு சுருக்கம் விழாமல் தேய்த்தது. மூடினாள். இறுக்குக் கட்டையில் வைத்துத் திருகினாள். காய்ந்ததும் காப்பாளர் திறக்காமலே பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப்போனார்.

வெள்ளிக்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாலையில் சந்தில் காலடிச் சத்தம் கேட்டபோது பசைவாளிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா..." தம்பியின் குரல். சாம்பல் பூத்த முகத்தோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏழு பேரையும் படிச்சேன். வயசோட. அஞ்சாவது பேரைப் படிக்கிறப்ப ஒரு கிழவர் எங்க தாத்தான்னு கத்திட்டார். கதவைத் திறந்து வைங்க, உட்காருறேன்னு சொன்னேன். முடியாதுன்னாங்க. வந்துட்டேன். இன்னும் நாலு பேர் வந்துட்டாங்க."

"உன்னை எதாவது பண்ணினாங்களாடா?"

"என்னை இல்ல. பைண்டிங் யாரு போட்டதுன்னு எல்லாரும் காப்பாளரைக் கேட்டாங்க."

மறுநாள் காலை காப்பாளர் வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள். புத்தகத்தை மேசைமேல் வீசினார்.

"இந்தத் தாளை எடு."

"பசை இறுகிடுச்சுங்கய்யா. இனி எடுத்தா கிழிஞ்சிடும்."

"கிழி."

  "ஒட்டுறதுதாங்க என் வேலை," என்றாள்.

அவர் அதே முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து அவள் கைகளையே பார்த்தார். ஆட்களில் ஒருவன் முன்கதவைச் சாத்தப் போனான்.

பைண்டரம்மா எழுந்துபோய்ப் பின்கதவை அகலத் திறந்து, அது மூடாதபடி கனமான பதிவேடு ஒன்றை முட்டுக் கொடுத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். மூன்று முறை தவறியது. இந்த முறை கையும் நடுங்கியது. நான்காவது முறை கோத்துவிட்டாள்.